சின்னது, நடு, பெரியது

வாடிப்பட்டி
7 நவம்பர் 2023

ஸ்டீவ் அண்ணனுக்கு,

அன்புள்ள என்று தொடங்கிப் பார்த்தேன். கை வரவில்லை. இனிமேல் உங்களை ‘நீங்கள்’ என்றே எழுதப்போகிறேன். ‘நீ’ என்று சொல்ல ஒரு வீட்டில் சேர்ந்து சாப்பிட வேண்டும். அது நின்று ஏழு மாதம் ஆகிறது.

கல்லறைத் திருநாளன்று அம்மாவின் கல்லறையில் நான் ஏற்றிய மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு, அதே இடத்தில் உங்களுடையதை ஏற்றினீர்கள். பெர்சி அண்ணி பார்த்தும் பார்க்காதது போலச் செவ்வந்தியை அடுக்கிக்கொண்டிருந்தார். அப்பா வரவில்லை. ‘செருப்பு கடிச்சிருச்சு, புண்ணு ஆற மாட்டேங்குது’ என்று அண்ணி யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. என்னிடம் சொல்லவில்லை.

போனில் கேட்கலாம் என்றால் என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறீர்கள். நீங்கள் பேசியதைப் பதிவு செய்து சித்தப்பா வீட்டில் போட்டுக் காட்டியது என் தப்புத்தான். பேசியது யார் தப்பு? அதனால்தான் இந்தக் கடிதம். உங்களுக்குப் பிளைவுட் ஏற்ற வேன் ஓட்டி வரும் கருப்பிடம் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஈஸ்டர் சாப்பாட்டில் நான் அட்டையில் செய்து வைத்த மூன்று சவப்பெட்டி மாதிரிகளையும் அப்பா தட்டோடு தள்ளிவிட்டார். ‘செத்தவன் வீட்டுக்குப் போயி, அவனைப் பாத்து, அளவெடுக்காம பொட்டி செய்யிறவ எனக்கு மகளே இல்ல. என் மொகத்துல முழிக்காத’ என்றார். நீங்கள் குனிந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் அன்றைக்கே கிளம்பி இங்கே சொந்தமாக அறுப்பு மெஷின் போட்டேன். அது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் பட்டறைப் பின்பக்கம் துண்டுப் பலகை குவிந்து கிடக்கிறது. டீக்கடைக்காரர் அடுப்பெரிக்க அள்ளிப்போகிறார். நீங்கள் வாங்கும் பலகையில் ஒரு பங்கு எப்போதும் டீத்தண்ணீர் கொதிக்க வைக்கத்தான் போகிறது. கடை மூச்சுத் திணறுகிறது என்று கருப்பு சொல்லவில்லை, ஆனால் வேனின் தேய்ந்துபோன டயரைப் பார்த்தேன்.

ஒரு போட்டி வைத்துக்கொள்வோம். டிசம்பர் முழுக்க நீங்கள் உங்கள் முறைப்படி அறுங்கள், நான் என் முறைப்படி. பலகை இருவருக்கும் சமம். யாருக்குத் துண்டு குறைவோ, பெட்டி அதிகமோ அவர் ஜெயித்தவர். நீங்கள் ஜெயித்தால் என் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஜெயித்தால் அப்பாவைப் பார்க்க வருவேன், நீங்கள் கதவைத் திறக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஷெரின்


திருநகர்
15 நவம்பர் 2023
இயேசு மரி சூசை துணை

ஷெரினுக்கு,

நாங்கள் எல்லோரும் ஆண்டவர் புண்ணியத்தில் நலம். நீ நலமா என்று கேட்கவில்லை. நலமில்லாத ஆள் இவ்வளவு நீளமாக எழுத முடியாது.

போட்டிக்குச் சம்மதம். உன் மெஷினைக் கொண்டு வந்து வைக்க இடம்கூடப் பார்த்துவிட்டேன்.

துண்டைக் குறைக்க உனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்காதே. தோள் விரிந்து கால் குறுகின பெட்டியைத்தான் நம் சனங்கள் பெட்டி என்று மதிக்கும். அந்த வடிவத்தை மாற்றாமலே நான் பலகையில் ஒன்றைத் தலைகீழாகவும் ஒன்றை நேராகவும் வரைகிறேன். ஒன்றின் கால் குறுகுகிற இடத்தில் அடுத்ததின் தோள் வந்து உட்காரும். பொருள் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருக்கட்டும், பலகையில் அதைப் பரப்புகிற விதத்தில் மிச்சம் பிடிக்கலாம் என்பது என் வழி. அதைச் செய்யத் தெரியாதவன்தான் பொருளையே மாற்றுவான். உன்னுடையது பெட்டி இல்லை, பெரிய தீப்பெட்டி. மனுசனை அதில் வைத்தால் குச்சி மாதிரி இருப்பான்.

அப்பா அளவெடுப்பதைக் கிண்டல் செய்கிறாய். அவர் போய் நின்றதும் அந்த வீட்டில் அழுகை அடங்கும். ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிட்டு டேப்பை விரிப்பார். தலையிலிருந்து பாதம், பிறகு தோள். பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொள்வார். அந்தக் கை ஊர் முழுக்கத் தெரியும். உன் கையில் என்ன இருக்கிறது? வாட்ஸப்பில் ‘நடு ஒன்று’ என்று வந்தால் அனுப்பிவிடுகிறாயாம்.

சித்தார்த் உன்னை விட்டுவிட்டு பெங்களூர் போனதற்கு அம்மா கடைசிவரை அழுதாள். எனக்கு அப்போது விளங்கவில்லை. தேவையில்லாத பாகத்தைக் கழற்றிவிட்டால் செலவு குறையும், வேலை சுலபமாகும் என்று நீதானே காலேஜில் படித்துவிட்டு வந்து சொன்னாய். மாப்பிள்ளை அதைக் கவனமாகக் கேட்டிருக்கிறார்.

அப்பாவுக்கு ஒன்றுமில்லை. நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் திட்டுகிறார். உன்னைப் பற்றிக் கேட்கவில்லை.

ஸ்டீவ்


வாடிப்பட்டி
20 ஜனவரி 2024

அண்ணனுக்கு,

நடுவராக நீங்கள்தான் பீமாராவைச் சொன்னீர்கள். இருபது வருடமாக உங்கள் கடையில் பெட்டிக்கு வெல்வெட் தைப்பவர், எனக்குச் சாதகமாகச் சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இல்லை. பழைய இரும்புக் கடைத் தராசில் அவர் கண் முன்னால் நிறுத்தோம். உங்கள் துண்டுகள் நாலு சாக்கு. என்னுடையது ஒரு முறத்தில் அள்ளிவிடலாம், அதுவும் பெரும்பாலும் தூள்.

ஏன் தோற்றீர்கள் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள், நானே சொல்கிறேன். நேராகவும் தலைகீழாகவும் எவ்வளவு சாமர்த்தியமாக வரைந்தாலும் சாய்ந்த கோட்டுக்குப் பக்கத்தில் முக்கோணம் விழத்தான் செய்யும். அந்தத் துண்டு அறுக்கும்போது விழவில்லை, வரையும்போதே விழுந்துவிட்டது. தோளுக்காகப் பக்கப்பலகையில் கீறல் போட்டு வெந்நீர் ஊற்றி வளைக்கிறீர்கள். அதில் எத்தனை படீரென்று ஒடிந்தது என்று பீமாராவைக் கேளுங்கள். ஒட்டுப் போட்டு, வெல்வெட்டால் மூடி, வெல்வெட்டுக்கும் செலவழித்து, அதற்கு மரியாதை என்று பேர் வைத்திருக்கிறீர்கள்.

என்னுடைய பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுக்கு நாலு பலகை. ஆறரை அடியில் அடிப்பலகையும் மூடியும் அருகருகே. மிஞ்சுகிற ஒன்றரை அடியில் தலைப்பலகையும் கால்பலகையும். பக்கப்பலகைகள் இன்னொரு பலகையில், அதன் ஓரத்தில் சின்னதின் பாகங்கள். மிச்சம் பூஜ்யம். பலகையைப் பார்த்துப் பெட்டியை வரைந்தேன், பெட்டியை வரைந்துவிட்டுப் பலகையைத் தேடவில்லை. நாலு அடியில் சின்னது பிள்ளைகளுக்கு, ஐந்தே முக்காலில் நடு, ஆறரையில் பெரியது. உலகத்தில் யாரும் இந்த மூன்றுக்கு வெளியே இல்லை. வேனில் உங்கள் பெட்டி மூன்று ஏறும் இடத்தில் என் பலகைகள் பத்துப் பெட்டிக்கு ஏறும். வீட்டு வாசலில் வைத்து நாலு போல்ட் முடுக்கினால் முடிந்தது.

பெரியதின் நீளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? சின்னப் பிள்ளையில் புதுப் பெட்டி முடிந்ததும் அப்பா அதில் ஏறிப் படுத்துப் பார்ப்பாரே, நாம் விழுந்து விழுந்து சிரிப்போமே. எனக்குத் தெரிந்து அவரைவிட உயரமான ஆள் இல்லை. அவருக்குப் பத்தினால் எல்லோருக்கும் பத்தும் என்றுதான் ஆறரை வைத்தேன். இதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

சித்தார்த்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். செமினரியில் மூன்று வருடம் சாப்பாடு போட்டுப் பார்த்துவிட்டு உங்களைத் திருப்பி அனுப்பினார்களே, ஆண்டவர் வீட்டிலும் கழித்துக் கட்டுகிறார்கள் என்று நான் அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

28ஆம் தேதி ஞாயிறு பூசை முடிந்ததும் வருகிறேன். கதவைத் திறந்து வையுங்கள்.

ஷெரின்


திருநகர்
25 ஜனவரி 2024
இயேசு மரி சூசை துணை

ஷெரினுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு வராதே. காரணம் பின்னால் இருக்கிறது.

தோற்றதைத் தோற்றது என்று சொல்ல எனக்கு வாய் வலிக்கவில்லை. இந்தச் செலவில் இனித் தாக்குப்பிடிக்க முடியாது, பட்டறையை மூடுகிறேன். இனி உன் பலகைகளை வாங்கி முடுக்கிக் கொடுப்பதுதான் கடை. தச்சர்கள் இரண்டு பேரையும் அனுப்பிவிட்டேன். பீமாராவ் மட்டும் இருக்கிறான், சும்மா உட்கார்ந்திருக்கிறான். போர்டில் உன் மூன்று அளவையும் எழுதி, ‘தனி அளவு செய்து தரப்படாது’ என்று நீ கருப்பிடம் சொல்லியனுப்பியபடியே கீழே எழுதிவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நான் திரித்தேன் என்று நீ சித்தப்பா வீட்டில் போய்ச் சொல்லக்கூடாது. ‘வரச் சொல்லு. டேப்போட வரச் சொல்லு. என்னயப் பாத்து, எம்முன்னால டேப்பை விரிச்சு, எனக்கு ஒரு பொட்டிக்கு அளவெடுக்கச் சொல்லு. தலையில இருந்து பாதம் வரைக்கும். அம்புட்டுத்தேன். எடுத்துட்டான்னா அவ எம்மக. டேப்பு இல்லாம வந்தா வாசலோட போகட்டும்.’

கதவைத் திறப்பதாகத்தான் ஒப்புக்கொண்டேன். உள்ளே இருப்பவரின் வாயை மூடுவதாக ஒப்புக்கொள்ளவில்லை.

ஸ்டீவ்


வாடிப்பட்டி
9 பிப்ரவரி 2024

அண்ணனுக்கு,

இரண்டு வாரம் யோசித்தேன். டேப்பைப் பையில் எடுத்து வைத்தேன், எடுத்து வெளியில் வைத்தேன்.

வரமாட்டேன். அவர் முன்னால் டேப்பை விரித்தால், இத்தனை நாள் நான் செய்ததெல்லாம் தப்பு என்று என் வாயால் சொல்வதும் ஒன்று. அளவெடுக்காமல் செய்ய முடியும் என்பதுதான் என் வேலையே. இரவில் ஒருவர் செத்தால் விடியும் முன் பெட்டி போய்ச் சேருகிறது. முன்பெல்லாம் ஏழை வீட்டில் அளவெடுத்து, அறுத்து, தைத்து வருவதற்குள் பிணம் வாடை அடித்துவிடும். அந்த வீடுகளில் உங்கள் வெல்வெட்டை யாரும் கேட்கவில்லை. இதை அப்பா ஒருநாளும் ஒப்புக்கொள்ளமாட்டார். நான் மட்டும் ஏன் மண்டியிட வேண்டும்?

அவரிடம் இப்படிச் சொல்லுங்கள். உங்கள் அளவு எனக்கு மனப்பாடம், போய்ப் பார்க்கத் தேவையில்லை, உங்களுக்கென்று பெரியதில் ஒன்றை நல்ல பலகையாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறேன், எப்போது வேண்டுமோ அப்போது ஆள் அனுப்பினால் போதும் என்று சொல்லுங்கள். வார்த்தை மாறாமல் சொல்லுங்கள். அவர் இறங்கி வருகிறபோது நானும் வருவேன்.

ஷெரின்


திருநகர்
18 ஏப்ரல் 2024

ஷெரினுக்கு,

அவசரம். ஒரு ஆஸ்பத்திரி வேலை. இரண்டரை அடி நீளம், முக்கால் அடி அகலத்தில் ஒரு சின்னப் பெட்டி வேண்டும். மூடி இருக்க வேண்டும். புதுப் பலகை வேண்டாம், உன்னிடம் கிடக்கிற துண்டில் அடித்துக் கொடுத்தால் போதும். கருப்பு காத்திருப்பான்.

ஸ்டீவ்


வாடிப்பட்டி
18 ஏப்ரல் 2024

அண்ணனுக்கு,

என்ன அழகான கேள்வி. என்னிடம் துண்டு ஏது? நாலு சாக்குத் துண்டு உங்களிடம்தானே இருந்தது, அதற்குள் டீக்கடை எரித்துவிட்டதா?

இதற்காக ஒரு முழுப் பலகையை வெட்டமாட்டேன். மிச்சத்தை வைத்து நான் என்ன செய்வது? மேலும் அது என் மூன்று அளவில் இல்லை. போர்டில் எழுதி வைத்ததை நீங்களே படிப்பதில்லையா? ஆஸ்பத்திரிக்காரர்களிடம் அட்டைப் பெட்டி இருக்கும், கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் சாக்கு.

கருப்பு என் முன்னால் நின்று எதையோ சொல்ல வாயெடுத்தான். ‘என்னடா’ என்றேன். ‘ஒண்ணுமில்லக்கா, வாரேன்’ என்று போய்விட்டான். உங்களிடம் வேலை பார்த்துப் பார்த்து அவனுக்கும் பேச்சு வராமல் போய்விட்டது.

ஷெரின்


திருநகர்
30 ஜூன் 2024
இயேசு மரி சூசை துணை

ஷெரினுக்கு,

கணக்குப்படி உன் பெட்டி நன்றாகப் போகிறது. பங்குச் சாமியார் போன வாரம் பிரசங்கத்திலேயே சொன்னார், ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே பெட்டி, இதுதான் சுவிசேஷம் என்று. உன் பெயரைச் சொல்லவில்லை, நானும் சொல்லிக் கொடுக்கவில்லை. போல்ட் முடுக்கும்போது ஒரு வீட்டில் சிலுவையைத் தலைகீழாக வைத்துவிட்டோம். அவர்களே அழுகைக்கு நடுவில் சொன்னார்கள்.

நடுவும் பெரியதும் ஓடுகிறது. சின்னது தேங்கிக் கிடக்கிறது.

எங்களுக்கு ஏப்ரலிலிருந்து ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைச்சல். இந்த மாதமும் ஒருமுறை படுக்க வைத்து எடுத்தாயிற்று. உனக்கு வேண்டாத கதை, விடு. நீ கேட்கவும் இல்லை.

ஸ்டீவ்


வாடிப்பட்டி
8 ஜூலை 2024

அண்ணனுக்கு,

தேங்குகிற அளவை நிறுத்திவிடுவதுதான் முறை. எத்தனை வகை குறைகிறதோ அத்தனை நல்லது. சொன்னால் சின்னதை அடியோடு எடுத்துவிடுகிறேன்.

நேற்று திருநகர் வந்தேன். ஏன் வந்தேன் என்று கேட்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை, பஸ் காலியாக இருந்தது. உங்கள் தெரு முனையில் நின்று பார்த்தேன். வாசலில் சக்கர நாற்காலி ஒன்று நின்றது. அலைச்சல் என்று நீங்கள் எழுதியது அண்ணியின் அம்மாவுக்கா? தூத்துக்குடியிலிருந்து கூட்டி வந்து வைத்துக்கொண்டீர்களா? நல்லது. மாமியார் உட்கார அந்த வீட்டில் இடம் இருக்கிறது.

உள்ளிருந்து அப்பாவின் இருமல் கேட்டது. அந்த இருமல் எனக்கு நன்றாகத் தெரியும். குரல் கேட்டதே போதும் என்று நினைத்தேன், போதவில்லை. கேட் வரைக்கும் நடந்தேன். பையில் கை விட்டால் டேப் இல்லை, வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். டேப் இல்லாமல் வந்தால் வாசலோடு போகச் சொன்னாரே. அப்படிச் சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்பைக் கொடுக்க வேண்டாம் என்று திரும்பிவிட்டேன்.

அடுத்த முறை எடுத்துக்கொண்டு வந்தாலும் வருவேன். இதை அவரிடம் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம்.

ஷெரின்


திருநகர்
21 ஆகஸ்ட் 2024

ஷெரினுக்கு,

பெட்டி ஒன்று, உடனே. நீளம் சின்னதின் நீளம், நாலு அடி. அகலம் பெரியதின் அகலம், தோள் அகலமான ஆள். நல்ல பலகையாக இருக்கட்டும். இன்று மாலைக்குள் வேண்டும்.

சின்னதை நிறுத்துகிறேன் என்றாயே. நிறுத்தவில்லையே?

ஸ்டீவ்


வாடிப்பட்டி
21 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

சின்னதை நிறுத்தவில்லை. ஆனால் சின்னது சின்னதுதான், பெரியது பெரியதுதான். ஒன்றின் நீளத்தையும் மற்றதின் அகலத்தையும் ஒட்டுப் போட்டால் அப்புறம் மூன்று அளவு எதற்கு? நாளைக்கு ஒருவர் நெட்டையாக ஒல்லியாக வருவார், அவருக்கும் ஒன்று செய்வதா? இப்படித்தான் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்து உங்கள் பட்டறை மூழ்கியது.

நாலு அடி உயரத்தில் பெரிய தோளோடு ஒரு ஆள் இருக்கிறாரா? சர்க்கஸில் வேலை பார்த்தவரா? போய் அளவெடுத்தது யார், அப்பாவா? அவருக்குக் கண் மங்கிவிட்டது என்று சொல்லுங்கள், கோபித்துக்கொள்ளட்டும்.

பெரியது ஒன்று அனுப்புகிறேன். அதில் வைத்துவிட்டு மிச்ச இடத்தில் துணியை அடையுங்கள், மூடினால் யாருக்குத் தெரியும். மற்ற கடைகளுக்குப் போக வேண்டியதெல்லாம் நேற்றே ஏறிவிட்டது. கையில் இருப்பது அப்பாவுக்கென்று எடுத்து வைத்தது ஒன்றுதான், அதையே ஏற்றிவிடச் சொன்னேன். அவர் இப்போதைக்குப் போகிறவர் இல்லை, வேறு செய்துகொள்ளலாம்.

கருப்பு ஏன் அழுகிறான்? அவன் வீட்டு ஆளா?

ஷெரின்


திருநகர்
24 ஆகஸ்ட் 2024

ஷெரினுக்கு,

அப்பா புதன்கிழமை காலை இறந்தார். வியாழக்கிழமை அடக்கம் முடிந்தது. அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.

செருப்பு கடித்த புண் என்றுதான் நாங்களும் நினைத்தோம். சர்க்கரை அவரை உள்ளே தின்றுகொண்டிருந்தது. ஏப்ரலில் வலது காலைத் தொடையோடு எடுத்தார்கள். ஜூனில் இடதை. எடுத்த காலை வீட்டுக்காரர்கள் கையில் கொடுத்துவிடுவார்கள், கல்லறையில் ஒரு மூலையில் புதைக்கச் சாமியார் அனுமதித்தார். இரண்டரை அடிப் பெட்டி அதற்காகக் கேட்டது. நீ சொன்னபடியே சாக்கில் கட்டிப் புதைத்தேன். ஜூனில் உன்னிடம் கேட்கக்கூட இல்லை, நேராகச் சாக்கு வாங்கினேன். நீ பார்த்த சக்கர நாற்காலி அப்பாவுடையது.

நாலு அடி ஆள் அவர்தான்.

சொல்லவில்லை என்று கத்துவாய். முதல் கால் போனபோது அப்பாவே சொன்னார்: ‘அவளுக்குச் சொல்லாத. சொன்னா பாவம்னு வருவா. பாவம்னு வரவேணாம், அளவெடுக்க வரட்டும். டேப்பை விரிக்கையில அவளே பாத்துக்கட்டும்.’ நீ தெரு முனைவரை வந்ததை ஜூலையில் அவரிடம் சொன்னேன். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் சவரம் செய்துகொண்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். மடியில் துண்டைப் போட்டுக் காலில்லாததை மறைத்துக்கொள்வார். யாரைப் பார்த்தாலும் ‘டேப்பு கொண்டாந்திருக்காளா பாரு’ என்பார். பார்வை அந்தளவுக்கு மங்கிப் போயிருந்தது, அது மட்டும் நீ சரியாகச் சொன்னாய்.

கருப்பைத் திட்டாதே. வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று சொல்லி வைத்திருந்தேன். இதில் பாதி அப்பாவின் கட்டளை. மீதி என் ஆசை. போய்ப் பார்க்காமலே பெட்டி செய்யலாம் என்கிறவள் எதுவரைக்கும் பார்க்காமல் இருப்பாள் என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. புதன்கிழமை நான் தெளிவாக எழுதியிருக்கலாம். நாலு அடி நீளம், தோள் அகலம் என்று எழுதினேன். ஆளை எழுதவில்லை, அளவைத்தான் எழுதினேன். உன் முறை அதுதானே.

பெட்டி வந்தது. மூடியைத் திறந்தால் உட்பக்கம் பென்சிலால் ‘அப்பா’ என்று எழுதியிருந்தாய். பெர்சி அதைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். ஆறரை அடியில் அவர் பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் வந்தார். பீமாராவ் பழைய வெல்வெட்டையெல்லாம் சுருட்டிக் கால் பக்கம் அடைத்தான், போதவில்லை. அப்பாவின் வேட்டிகளை அடைத்தோம். அப்படியும் கோவில் படியில் ஏற்றும்போது உள்ளே சரிந்து கால்பலகையில் போய் இடித்தார். சத்தம் எல்லோருக்கும் கேட்டது. தூக்கியவர்கள் நின்றுவிட்டார்கள். பூசை முழுக்க எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்டது, உனக்கும் கேட்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஏழாம் நாள் பூசைக்கு வராதே.

ஸ்டீவ்


வாடிப்பட்டி
8 செப்டம்பர் 2024

ஸ்டீவ்,

நீ என்றே எழுதுகிறேன். இனி உனக்கு மரியாதை கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

ஏழாம் நாள் நீ வராதே என்றதால் வராமல் இல்லை. அன்று விடியும் முன் கல்லறைக்கு வந்தேன். டேப்பைக் கொண்டு வந்திருந்தேன். மண் மேட்டின் தலையிலிருந்து கால் வரை விரித்தேன். ஆறரை அடி வந்தது. உள்ளே அவர் எவ்வளவு இருக்கிறார் என்று மேட்டைப் பார்த்தால் தெரியவில்லை. காவல்காரர் என்னை ஏதோ நிலம் அளக்க வந்தவள் என்று நினைத்து விரட்டினார்.

உன்னைத் திட்ட நிறைய வைத்திருந்தேன். நீ ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நடந்தே வந்திருப்பேன். நீ எழுதாமல் இருந்ததை ஆண்டவர் உன்னிடம் கேட்பார். கேட்காவிட்டால் நான் அவரிடம் கேட்பேன். சர்க்கஸ் என்று எழுதினேனே, அதை அப்பா உயிரோடிருந்து கேட்கவில்லை என்பது ஒன்றுதான் எனக்கு மிச்சம்.

கருப்பு கொண்டு வருகிற பெட்டியைப் பார். முழுப் பலகையை வெட்டினேன். மிச்சம் மெஷின் அடியில் கிடக்கிறது, அதை எதற்கும் எடுக்கமாட்டேன். நீளம் எப்படி வைத்தேன் தெரியுமா? பெரியதிலிருந்து சின்னதைக் கழித்தேன். ஏப்ரலில் நீ கேட்ட அதே இரண்டரை அடி வந்தது. உள்ளே வெல்வெட் வைத்து நானே தைத்தேன், கோணலாக இருக்கும்.

இரண்டு கால்களையும் எடுத்து இதில் வைத்து அப்பாவின் கால்மாட்டில் சேர்த்துவிடு. சாமியாரிடம் நான் வந்து காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். உன் காலிலும் விழுகிறேன். அவர் சாக்கில் கிடக்கக்கூடாது அண்ணே.

ஷெரின்


திருநகர்
19 செப்டம்பர் 2024
இயேசு மரி சூசை துணை

ஷெரினுக்கு,

பெட்டி வந்தது. சாமியாரிடம் கேட்டேன். அந்த மூலையை மழைக்கு முன்பே புது அடக்கங்களுக்காகத் தோண்டி நிரவிவிட்டார்கள், எது யாருடையது என்று இனிக் காட்ட முடியாது என்கிறார். காவல்காரருக்கும் தெரியவில்லை. நீ வந்து யார் காலிலும் விழ வேண்டாம்.

பெட்டியை உனக்குத் திருப்பி அனுப்பலாம் என்று கடையில் வைத்திருந்தேன். திங்கட்கிழமை திருமங்கலம் பக்கமிருந்து ஒரு வீட்டார் வந்தார்கள். நாலு மாதக் குழந்தை. சின்னதைக் காட்டினேன், அதில் பிள்ளை தனியாகக் கிடப்பது போலிருக்கிறது என்று தாய் அழுதாள். உன் பெட்டியைக் கொடுத்துவிட்டேன். நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன், டேப்போடு. அளந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை, சரியாக இருந்தது. கோணல் தையலை யாரும் கவனிக்கவில்லை.

ஆகவே அதுவும் வீணாகவில்லை.

அடுத்த வாரத்துக்கு நடு எட்டு, பெரியது நாலு. கருப்பு வேலையை விட்டுவிட்டான், புது டிரைவர் வருவான்.

ஸ்டீவ்